ரெக்சனின் வண்டி உட்கார்ந்து எழுந்த கதை

ரெக்சனின் வலது இடுப்பில் இருப்பது அவரோடு பிறந்த மூட்டு அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்னால் மதுரையில் கெட்டுப்போனதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைத்தார்கள். இப்போது நடக்கிறார், மாடிப்படி ஏறுகிறார், திரேஸ்புரத்து வீட்டிலிருந்து மாதா கோயிலுக்கு நடந்தே போய்ப் பூசை பார்த்துவிட்டு வருகிறார். நாற்பத்தாறு வயதில் இவ்வளவு தேறியதே பெரிது என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அவருக்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. வேலைக்குத் தானாகப் போய்த் தானாக வர வேண்டும்.

வேலை முத்தையாபுரத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். வந்து இறங்கும் பெட்டிகளில் எங்கே நெளிசல், எங்கே துரு, எங்கே ஓட்டை என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். படி உயரம், உட்கார இடம் கிடைக்காது. சேர்ந்த முதல் வாரத்திலேயே டிரைவர் போட்ட ஒரு பிரேக்கில் கம்பியைப் பிடித்தபடி அரை வட்டம் சுற்றி ஒரு ஆசிரியையின் மடியில் உட்காரப் பார்த்தார். அன்றிலிருந்து மனைவி ஜெமியின் தம்பி மெல்வின்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறான், சாயங்காலம் கூட்டி வருகிறான்.

ஸ்கூட்டரின் பின்னால்கூட ரெக்சனால் காலைத் தாண்டிப் போட முடியாது. ஒருபக்கமாக, சேலை கட்டிய பெண்கள் உட்காருகிற மாதிரி, மடியில் சோற்றுப் பையை வைத்துக்கொண்டு போவார். யார்டு வாசலில் இருக்கும் வாட்ச்மேன் காசிலிங்கம் ஒருநாளும் சும்மா விடமாட்டார்.

"வாரும் வே. பூ வைக்காம வந்துட்டீரு?"

"ஒம்ம வீட்டுல மிச்சம் இருந்தா குடும், வச்சிட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டேதான் பதில் சொல்வார். ஆனால் உள்ளே போய் முதல் பெட்டியைத் தட்டிப் பார்க்கும்போது சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும்.

மெல்வினுக்கும் இது சுகமான வேலை அல்ல. அவன் மனைவியும் குழந்தையும் மணப்பாட்டில் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். மாமனார் புதிதாக ஒரு பைபர் படகு வாங்கி, ஓட்டுவதற்கு மருமகனைக் கூப்பிட்டு வருடம் ஒன்றாகிறது. மெல்வின், "அடுத்த மாசம் வாரேன் மாமா" என்று பன்னிரண்டு மாதமும் சொல்லிவிட்டான். திரேஸ்புரத்தில் மீன் வண்டிகளுக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டு, அத்தானுக்கு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு இருந்தான். போ என்று சொன்னால் போகமாட்டான். அதற்கு ஒரு காரணம் உண்டு.

ரெக்சன் பதினெட்டு வயதில் சங்கு எடுக்கக் கடலில் இறங்கியவர். இருபத்தொரு வருடம் முங்கினார். படகில் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய் வழியாகக் காற்று கீழே இருப்பவன் வாய்க்குப் போகும். மேலே ஒருவன் அந்தக் குழாயைப் பிடித்து, விட்டும் இழுத்தும் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் அண்ணன் தம்பியை வைப்பதில்லை. மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் வைப்பார்கள். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் கண் இருக்கலாம், மச்சினனுக்கு அக்கா தாலியில்தான் கண் இருக்கும் என்பது கணக்கு. ஜெமியைக் கட்டிய மறுமாதமே, அப்போது இருபது வயதான மெல்வின் குழாய் பிடிக்க வந்துவிட்டான்.

ஒருநாள் ஏழு பாகம், அதாவது நாற்பது அடிக்கு மேல், ஆழத்தில் ரெக்சன் இருக்கும்போது மேலே கம்ப்ரஸர் நின்றுபோனது. மெல்வின் பயந்து, இரண்டு கையாலும் ஒரே மூச்சில் மேலே இழுத்துவிட்டான். வேகமாக ஏற்றினால் மூட்டைப் பிடித்துவிடும், மெல்ல ஏற்றியிருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மெல்ல ஏற்றக் காற்று வேண்டுமே. அப்போது இரண்டு நாள் மூட்டு வலியோடு தப்பித்தார். நாலு வருடம் கழித்து இடுப்பு மூட்டு செத்துப்போனபோது, ஒரு நாளால் வந்ததல்ல இது, வருடக்கணக்காக ஆழத்தில் அடைத்த காற்றைச் சுவாசித்ததால் எலும்புக்கு ரத்தம் போவது நின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மெல்வின் எதிரில் நின்றுதான் கேட்டான். தலையை ஆட்டினான். நம்பவில்லை, தான் இழுத்த இழுப்பால் வந்தது என்றே நினைத்தான். அதற்குப் பிறகு ரெக்சன் ஒரு குடம் தண்ணீர் தூக்கினால்கூட எங்கிருந்தோ வந்து வாங்கிக்கொள்வான். இது ரெக்சனுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவும் முடியவில்லை.

வீட்டு முன்னால் தார்ப்பாய்க்குள் ஒரு கறுப்பு க்ரூஸர் பைக் நின்றது. இடுப்பு மோசமாவதற்கு நாலு மாதம் முன்பு வாங்கியது. இரண்டு வருடத்தில் ஜெமி அதை வீட்டுச் சாமான் ஆக்கிவிட்டாள். தார்ப்பாய்க்கு வெளியே நீண்ட ஒரு கண்ணாடியில் கைக்குட்டை காயும், மறு கண்ணாடியில் வடிகட்டித் துணி. விற்றுவிடலாம் என்று இரண்டுமுறை ஆள் கூட்டி வந்தாள். இரண்டுமுறையும் ரெக்சன் எதையாவது குறை சொல்லி ஆளை அனுப்பிவிட்டார்.

அவர் பிடிவாதத்தில் ஒரு நியாயமும் இருந்தது. ஸ்கூட்டரை ஓட்ட உட்கார்ந்தால் தொடை மடிந்து இடுப்பு இறுகும். அப்படி மடிக்கக் கூடாதென்று டாக்டரின் கட்டளை. க்ரூஸரில் கால் முன்னால் நீண்டு கிடக்கும். ஏறி உட்கார்ந்துவிட்டால் நாற்காலி மாதிரி. ஏறுவதுதான் நடக்கவில்லை. காலடியில் ஒரு செங்கல்லை வைத்து ஏறிப் பார்த்தார், முடிந்தது. செங்கல் இல்லாமல் முடியவில்லை. ஆக, மொத்தப் பிரச்சினையும் நாலு விரற்கடை உயரம்.

"அப்ப செங்கல்லயும் பைல போட்டுட்டுப் போங்க. சோத்துச் சட்டிக்குப் பக்கத்துல வச்சித் தாரேன்" என்றாள் ஜெமி.

ஒரு சாயங்காலம் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்த ரெக்சன் அவளைக் கூப்பிட்டார். ஒருவன் இதே மாதிரி க்ரூஸரின் கைப்பிடியில் ஒரு சுவிட்சை அழுத்துகிறான். உஸ்ஸென்று சத்தம். பின்பக்கம் ஒட்டகம் மாதிரி கீழே இறங்குகிறது. ஏறி உட்கார்ந்து இன்னொரு பக்கம் அழுத்துகிறான். எழும்புகிறது. பின் சக்கரத்து ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, காற்று அடைத்த இரண்டு சஸ்பென்ஷன்களை மாட்டியிருக்கிறான். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கம்ப்ரஸர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து காற்று கொடுக்கிறது. ரோட்டுக் குலுக்கலும் பாதி குறையும் என்கிறான்.

ஜெமி மூன்று தடவை பார்த்தாள். "நீங்கதான் கோயில்ல முழங்கால் போட மாட்டேங்கிய. ஒங்க பைக்காவது போடட்டும்."

அவள் சம்மதம் அப்படித்தான் வந்தது.

சஸ்பென்ஷன் பெட்டி கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வந்தது. மாட்டுவதற்கு முத்தையாபுரத்து மெக்கானிக் செந்தில்வேல் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்தான். முப்பது வயது, கை சுத்தமான வேலைக்காரன், பொறுமை மட்டும் குறைவு. தார்ப்பாயை விலக்கியதும் தலையில் கை வைத்தான்.

"அண்ணாச்சி, வண்டிய வச்சிருந்தியளா, ஊறுகா போட்டிருந்தியளா?"

உப்புக்காற்றில் ஸ்பிரிங் போல்ட்டுகள் துருவேறி ஒட்டிப்போயிருந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, இரண்டு ஸ்பிரிங்கும் வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது. பின்பக்கத்தை ஜாக்கியில் நிறுத்தி, புதிய சஸ்பென்ஷன்களை ஏற்றி இறுக்கினான். இடது பக்க மூடிக்குள் கம்ப்ரஸரைப் பொருத்தினான். பேட்டரியைப் புதிதாக மாற்றி, அதிலிருந்து ஃபியூஸ் வைத்து வயர் இழுத்தான். மெல்வின் பக்கத்திலேயே குத்தவைத்து, கேட்பதற்கு முன்பே ஸ்பேனரை நீட்டிக்கொண்டிருந்தான்.

தகராறு வந்தது காற்றுக் குழாயில்.

பேனா பருமனில் கறுப்புக் குழாய். கம்ப்ரஸரிலிருந்து வலது பக்கத்துக்குப் போக வேண்டிய நீளத்தை அளந்து, செந்தில்வேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். பிளேடை எடுத்தான்.

"வெட்டாத!" என்று இரண்டு பேர் சேர்ந்து கத்தினார்கள். அத்தானும் மச்சினனும் ஒரே குரலில் பேசி ஜெமி கேட்டதே இல்லை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி?"

"காத்துக் குழாய அளந்து வெட்டப்படாதுலே. தாராளமா விடணும்" என்றார் ரெக்சன்.

"இழுவை விழுந்தா ஆளு காலி" என்றான் மெல்வின்.

"யாரு காலி? இதுல ஆளு எங்க இருக்கான்? அண்ணாச்சி, இது கடலு இல்ல. அடியில சைலன்சர் இருக்கு. சூடு பட்டா குழாய் உருகிரும்."

"மேல தூக்கிக் கட்டுனா எப்படிச் சூடு படும்?"

செந்தில்வேல் வானத்தைப் பார்த்தான். மெல்வின் அதற்குள் மிச்சக் குழாயை அழகாக வளையமாகச் சுருட்டி, வலை பின்னும் நைலான் கயிற்றால் மூடிக்கு அடியில் கட்டிவிட்டான். படகில் பதினைந்து வருடம் சுருட்டிய கை. முடிச்சில் குறை சொல்ல முடியாது.

"எனக்குத் தெரியாது. நான் சொல்லிட்டேன். ஜெமியக்கா, நீங்க சாட்சி" என்றான் செந்தில்வேல்.

சுவிட்சை அழுத்தினார்கள். கம்ப்ரஸர் உறுமியது, பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு செந்தில்வேல் கீழே இறக்கும் பக்கம் அழுத்தினான். காற்று உஸ்ஸென்று வெளியேறிய அந்தச் சத்தத்தில் மெல்வின் துள்ளி எழுந்து, இல்லாத ஒரு குழாயை இரண்டு கையாலும் பிடித்தான். யாரும் சிரிக்கவில்லை. செந்தில்வேலுக்கு மட்டும் என்னவென்று புரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, வேட்டியைக் கழற்றிப் பேன்ட் போட்டுக்கொண்டு ரெக்சன் வண்டிப் பக்கம் போனார். மெல்வின் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் சீட்டையும் பிடித்துக்கொண்டான்.

"கைய எடுலே."

"சும்மா ஒரு பிடிமானத்துக்கு அத்தான்."

"எடுன்னு சொல்லுதேன்ல."

எடுத்தான். ஆனால் இரண்டு கையும் வண்டிக்கு அரை அடி தள்ளி விரித்தபடியே நின்றன. ரெக்சன் வண்டியைக் கீழே இறக்கினார். இடது காலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து, வலது காலை நீட்டித் தாண்டினார். குதிகால் சீட்டில் உரசிக்கொண்டு போய் மறுபக்கம் விழுந்தது. உட்கார்ந்துவிட்டார். மெல்வின் பக்கத்தில் இருக்கும் தைரியத்தில் வந்ததா, தானாக வந்ததா என்று அவருக்கே உறுதியில்லை. வண்டி எழும்பியது.

"நான் பின்னாலயே ஸ்கூட்டர்ல வாரேன்" என்றான் மெல்வின்.

"நீ இங்கன இரு" என்றாள் ஜெமி. "போறவர் போய்ட்டு வரட்டும்."

பீச் ரோடு வழியாகத் துறைமுகத்துப் பக்கம் விட்டார். குழியில் இறங்கினாலும் வண்டி ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்து விடுவது போலத்தான் இருந்தது. இடுப்புக்கு எதுவும் வந்து சேரவில்லை. டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்ற ரோட்டைத் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம் வெளுத்துக் கிடந்த இடத்தில் ஏதோ தீயும் வாசனை வந்தது. லாரியின் பிரேக் என்று நினைத்தார். பிறகு உஸ்ஸென்று சத்தம். சீட் அவரோடு சேர்ந்து இறங்கியது. பின் டயர் மட்கார்டில் உரசி முனகியது. ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நைலான் கயிறு சூட்டில் இளகி அறுந்து, மெல்வின் சுருட்டிய வளையம் முழுவதும் சைலன்சர் மேல் விழுந்து கிடந்தது. ஒரு இடத்தில் உருகி ஓட்டை.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மெல்வின் என்ற பெயரைத் தொடப்போன விரல் நின்றது. கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடுவான். வந்து வண்டியைத் தள்ளுவான், அத்தானை ஸ்கூட்டரில் ஒருபக்கமாக ஏற்றுவான். அதற்குப் பிறகு மணப்பாட்டுக்கு அவனைப் பத்துப் பேர் சேர்ந்து தூக்கிப்போனாலும் போகமாட்டான். நாளைக் காலையும், அடுத்த வருடமும் இதே ஸ்கூட்டர்தான். போனை மறுபடி பைக்குள் போட்டார்.

முதலில் இறங்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லை, சுவர் இல்லை. ஆனால் வண்டி ஏற்கனவே தரையோடு உட்கார்ந்திருந்தது. ஸ்டாண்டைத் தள்ளி, சாய்ந்து, வலது காலைப் பின்னால் நீட்டி எடுத்தார். இரண்டு காலும் தார் ரோட்டில் இருந்தன.

சைலன்சர் ஆறட்டும் என்று காத்திருந்துவிட்டு, நின்றிருந்த ஒரு டிரெய்லர் லாரிக்காரரிடம் பிளேடு கேட்டார். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைத் துடைத்துக் கொடுத்தார். "பாத்து அண்ணாச்சி. குழம்பு பாதியில நிக்கி."

ரெக்சன் குழாயைக் கையில் எடுத்தார். சாக்பீஸ் கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. செந்தில்வேல் அளந்த இடம். ஓட்டை அதற்கு வெகுதூரம் தள்ளித்தான் இருந்தது. கோட்டில் கத்தியை வைத்து நேராக வெட்டினார். வெட்டிய மிச்சத்தை இணைப்பிலிருந்து உருவிப் போட்டு, புது முனையைச் சட்டையில் துடைத்து, அங்கே வைத்து, கிளிக்கென்று உட்காரும் வரை அழுத்தினார். இழுத்துப் பார்த்தார். குழாய் சைலன்சருக்கு ஒரு சாண் மேலே நேராக ஓடியது. கொஞ்சம் முறைத்துப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது இன்னும் தப்பாகத்தான் தெரிந்தது.

சுவிட்சைத் தொடப் போனவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். நின்றுகொண்டு காற்று ஏற்றினால் வண்டி உயர்ந்துவிடும். ஏறிய பிறகுதான் ஏற்ற வேண்டும்.

இப்போது பக்கத்தில் விரித்த கை ஏதும் இல்லை. லாரிக்காரர் வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார். ரெக்சன் இடது காலை ஊன்றினார், சாய்ந்தார், நீட்டினார். குதிகால் உரசியது. தாண்டியது. உட்கார்ந்தார். சுவிட்சை அழுத்தியதும் கம்ப்ரஸர் உறும, அவரையும் தூக்கிக்கொண்டு வண்டி எழுந்தது.

வீட்டு வாசலில் மெல்வின் ஸ்கூட்டர் சாவியோடு நின்றான். சாவி அவன் கையில், அவன் சட்டை ஜெமியின் கையில்.

"நாப்பது நிமிசம் அத்தான்! அக்கா விட மாட்டேங்கா. போன் அடிச்சா எடுக்கியளும் இல்ல."

"வண்டி ஓட்டும்போது எவன்லே போன எடுப்பான்?" வண்டியைக் கீழே இறக்கி, தானாக இறங்கினார்.

ஜெமி அவர் கையைப் பார்த்தாள். "கை ஏன் இப்படிக் கரியா இருக்கு?"

சொன்னார். கயிறு என்றதும் மெல்வின் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தொங்கிக்கொண்டிருந்த கயிற்றுத் துண்டைத் தொட்டான்.

"நான் கட்டின முடிச்சு" என்றான்.

"நான் கட்டச் சொன்னது. முடிச்சு அவுரல, கயிறுதான் உருகுச்சு."

"அங்கன ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகலலா. குழாய் போச்சு, ஆளு வந்துட்டேன்லா. எந்திரிலே மாப்ள."

மெல்வின் எழுந்தான். ஒரு நிமிடம் அத்தானின் இடுப்பையே பார்த்தான். பிறகு வண்டியைப் பார்த்தான். "ஒத்தைல ஏறினியளா?"

"பின்ன, லாரிக்காரனா தூக்கி வச்சான்?"

"சாப்பிட வாங்க ரெண்டு பேரும்" என்று உள்ளே போன ஜெமி, அடுக்களை வாசலில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீன் சட்டியைத் திறந்தாள்.

மாலையில் செந்தில்வேலுக்கு விவரம் போனது. அவன் போனிலேயே ஆடினான்.

"நான் சொன்னேனா இல்லியா அண்ணாச்சி?"

"சொன்ன. ஆனா கூடுதலா விட்டதாலதான் ஓட்டையானத வெட்டி எறிய முடிஞ்சுது."

"விடாம இருந்தா ஓட்டையே ஆகியிருக்காதே!"

"அது ஒன் கணக்கு" என்று ரெக்சன் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஐந்தேகால் மணிக்கு, யாரும் கூப்பிடாமலே மெல்வின் வந்து நின்றான். டயரில் காற்று பார்க்க வந்தேன் என்றான். எந்த டயரையும் பார்க்கவில்லை. ஜெமி அவனுக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். ரெக்சன் சோற்றுப் பையை வண்டியின் பக்கத்தில் மாட்டினார், வண்டியை இறக்கினார், ஏறினார், ஏற்றினார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். தெருமுனையில் சத்தம் தேய்ந்தது.

இரண்டு பேரும் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். போன் ஜெமியின் மடியில் இருந்தது. ஆறுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எறங்கிட்டேன்" என்றார் ரெக்சன். பின்னால் காசிலிங்கத்தின் குரல் கேட்டது: "என்ன வே, வண்டி ஒமக்குக் கும்பிடு போடுது!" ரெக்சன் எதற்கோ சிரித்தார். பிறகு லைன் போய்விட்டது.

மெல்வின் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"யக்கா, மாமாட்ட வெள்ளிக்கிழமை வாரேன்னு சொல்லிரட்டா?"

"இப்பவே சொல்லு. புள்ள எந்திச்சிருப்பா, அவ குரலையும் கேட்டுக்கோ" என்று ஜெமி போனை அவனிடம் நீட்டினாள்.